பதினைந்தாம் நம்பர்

எண்பத்துநாலில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், புத்தகம் போடாத கோயில் பங்கு இல்லை. மட்டையால் பந்தடிக்கிற எங்கள் ஹர்லிங் ஆட்டத்துக்குச் சங்கம் தொடங்கி நூறு வருஷம் ஆகிறதென்று, வாழ்நாளில் ஒரு கடிதம்கூட எழுதியறியாதவர்களெல்லாம் தங்கள் ஊர் கிளப்பின் வரலாற்றை எழுதக் கிளம்பிவிட்டார்கள். அகில அயர்லாந்து இறுதி ஆட்டமே அந்தச் செப்டம்பரில் எங்கள் தர்லஸ் மைதானத்தில்தான் என்று அறிவித்ததிலிருந்து ஒருவனுக்கும் கால் தரையில் பாவவில்லை. எங்கள் கில்டோரன் பங்கும் புத்தகம் போட்டது. பச்சை அட்டை, நூற்று எழுபது பக்கம். அதில் எழுபத்தோராம் பக்கத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷம் சொல்லாமலிருந்தும் அந்த வெட்கம் குறையக் காணோம்.

என் பெயர் டெனி கின்னேன். பால் சொசைட்டியில் இருபத்தாறு வருஷம் எடை போட்டவன். ஐம்பத்துமூன்றில் கில்டோரன் அணியில் பின்வரிசை ஆட்டக்காரன். அந்த வருஷம் நாங்கள் கவுண்டியின் ஜூனியர் கோப்பையை ஜெயித்தோம். அதற்கு முன்னாலும் ஜெயித்ததில்லை, பிறகும் ஜெயிக்கவில்லை. ஆகவே எங்கள் ஊரில் எந்தப் பேச்சை எடுத்தாலும், மழையில் தொடங்கினாலும் மாட்டில் தொடங்கினாலும், கடைசியில் ஐம்பத்துமூன்றில் வந்துதான் நிற்கும்.

பதினைந்தாம் நம்பர் மார்ட்டி கிளீசன். என் பக்கத்து நிலத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இறுதி ஆட்டத்தில் ஜெயித்துக் கொடுத்த கோல் அவன் பெயரில்தான் பத்திரிகையில் வந்தது. மெடல் அவன் வீட்டில் கணப்புக்கு மேலே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மார்ட்டி ஆட்டம் நடந்த தர்லஸ் பக்கமே வரவில்லை. எங்கள் வீட்டுத் தொழுவத்துப் பரணில் புல்லுக்குள் படுத்துக் கிடந்தான்.

நடந்தது இதுதான். அரையிறுதியில் மார்ட்டி இரண்டு சுலபமான பந்துகளைக் கோட்டை விட்டான். அப்போது கிளப்புக்குத் தலைவர் பங்குச் சாமியார். புதன்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பின்னறைக்கு மூன்று பேரைக் கூப்பிட்டார். கேப்டன் டிம்மி ஸ்லாட்டரி, நான், மார்ட்டி. பட்டாளத்தில் இருக்கிற கில்கென்னிக்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றார். வெளிக்கவுண்டிக்காரன் எங்கள் கிளப்புக்கு ஆட முடியாது. ஆடவேண்டுமானால் எங்களில் ஒருவன் பெயரில் ஆட வேண்டும்.

"மார்ட்டி, உன் பேரை ஒரு நாளைக்கு இரவல் கொடுப்பா. பங்குக்காக."

"சரி, சாமி," என்றான் மார்ட்டி. இருபத்திரண்டு வயது. வேறென்ன சொல்வான்?

"அன்னைக்கு நீ யார் கண்ணுலயும் படக்கூடாது. வீட்டுலயும் இருக்காதே. தபால்காரன் பார்த்துட்டான்னாக்கூட எதிர்க்கட்சிக்காரன் ஆட்சேபணை மனு போட்டுருவான். பூசைக்கும் வர வேண்டாம், அதை நான் பாத்துக்கறேன்."

எங்கள் விளையாட்டில் ஆட்டக்காரர்களின் பட்டியலை நடுவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐரிஷ் மொழியில் எழுத வேண்டும், அதுவும் ஐரிஷ் காகிதத்தில். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நீர்முத்திரை பார்ப்பார்கள். அந்நியக் காகிதமென்று தெரிந்தால் ஜெயித்த கோப்பையும் கையை விட்டுப் போய்விடும். அந்த விஷயத்தில் நாங்கள் அத்தனை சுத்தக்காரர்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக வருமென்பதால் பட்டியலை நான் எழுதினேன். பதினைந்தாவதாக மார்ட்டியின் பெயரை எழுதும்போது அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா எழுதியிருக்கே, டெனி," என்றான்.

ஆட்டத்துக்கு முன்னால் பத்திரிகைக்காரர் குரூப் போட்டோ எடுத்தார். டிம்மி அந்தக் கில்கென்னிக்காரன் காதில் ஏதோ சொன்னான். படம் எடுக்கும் நேரத்தில் அவன் ஷூ லேஸைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். படத்தில் அவனுடைய உச்சந்தலை மட்டும்தான் தெரியும். அந்தப் படம்தான் மார்ட்டி வீட்டு அடுக்களைச் சுவரில் தொங்கியது. அவன் மகள் ஊனா சிறுபிள்ளையில் அந்த உச்சந்தலைக்கு முத்தம் கொடுக்கத் தூக்கிப் பிடிக்கச் சொல்வாள். ஏன் குனிந்திருக்கிறீர்கள் என்று கேட்டால், கண்ணில் வெயில் அடித்தது என்பான் மார்ட்டி.

இத்தோடு போயிருந்தால் சரி. எதிரணி கவுண்டியின் தெற்குக் கோடியிலிருந்து வந்தது, பாலிகரன் ஊர், அறுபது மைல். கில்கென்னிக்காரன் கோல் போட்ட மட்டைவீச்சில் அவர்கள் பின்வரிசைக்காரன் நெட் ஹாலிக்கு வலது கையில் இரண்டு விரல் ஒடிந்து, தலையிலும் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. ஐந்து வருஷம் கழித்து மார்ட்டி கல்யாணம் செய்துகொண்டது அந்த நெட்டின் தங்கை பிரீடாவைத்தான். டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஐம்பத்துமூன்றில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்ததால் ஆட்டத்தைப் பார்த்தவளில்லை. புருஷன் அணி அண்ணன் அணியைத் தோற்கடித்தது, புருஷன் மட்டை அண்ணன் விரலை ஒடித்தது, இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கல்யாண விருந்தில் மார்ட்டி தானாகவே நெட்டிடம் போனான். "உங்க கை விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம்," என்றான். நெட் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பரவாயில்லப்பா. நீ வேணும்னு பண்ணல," என்றான். பக்கத்தில் நின்ற எனக்கு மூச்சு வந்தது. தலையில் வாங்கிய அடியில் அவனுக்கு ஆள் அடையாளம் மறந்துபோனது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவன் பாலிகரன் கூட்டாளிகளில் பாதிப்பேர் அதற்குள் இங்கிலாந்தில் சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேருக்குக் கில்டோரன் பக்கம் என்ன வேலை?

எண்பத்துநாலு ஜூலையில் மார்ட்டி வீட்டில் மாட்டுக்குக் காய்ந்த புல் கட்டினோம். அந்த வருஷம் நல்ல வறட்சி. கீப்பர் மலை தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது. அது கிட்டே வந்த மாதிரி தெளிவாகத் தெரிந்தால்தான் மழை. காலையிலிருந்து கட்டுகளைத் தூக்கி டிரெய்லரில் அடுக்கினதில் விரலிடுக்கெல்லாம் கயிறு அறுத்துவிட்டது. சட்டைக்குள் புல் தூசி. மத்தியானம் பிரீடா கூப்பிட்டாள். மேசையில் ஒரு மலை உருளைக்கிழங்கு, தோலோடு வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்ட பன்றிக்கறி, கறி வேகவைத்த தண்ணீரிலேயே வெந்த முட்டைக்கோஸ், ஜக்கில் மோர்.

"எங்கண்ணன் ஊரைத் தோக்கடிச்ச வீரரே, இன்னும் ரெண்டு கிழங்கு எடுத்துக்கங்க," என்றாள் பிரீடா. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இந்தக் கேலி. மார்ட்டி சிரித்துவைப்பான். அதுவும் கல்யாணமான நாளிலிருந்துதான்.

ஊனா உள்ளே வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிளப் புத்தகத்தை அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதங்களை வாங்கி வந்து, ராத்திரியும் பகலும் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஐம்பத்துமூணு முடிச்சுட்டேன். வாசிக்கட்டுமா?"

"சாப்பிடும்மா மொதல்ல."

"ரெண்டே வரி. 'ஐந்து நிமிடங்களே மீதமிருக்க, மெலிந்த தேகமும் இரும்பு நெஞ்சமும் கொண்ட மார்ட்டின் கிளீசன்...'"

"மெலிந்த தேகமா? இப்ப பாரு," என்றாள் பிரீடா.

"அம்மா, சும்மா இரு. சித்தப்பா, நீங்க பின்னால நின்னு பாத்தீங்கள்ல? பந்து எடது பக்கத்துலேர்ந்து வந்துச்சா, வலது பக்கத்துலேர்ந்தா?"

"எடது," என்றேன். உண்மையில் இடதுபக்கம்தான்.

"அப்பாவுக்குக் கேட்டா ஞாபகமில்லங்கறாரு. இவ்வளவு அடக்கம் யாருக்கு வரும் சொல்லுங்க. அதனால நெட் மாமாவை வரச்சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை வர்றாரு. தோத்த பக்கத்துல ஒருத்தர் பேசினாத்தான் புத்தகம் நிக்கும். டேப் ரிக்கார்டர்கூட எரவல் வாங்கியாச்சு."

மார்ட்டி கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தான். "அவனை எதுக்கும்மா இழுத்துவிடறே? அறுபது மைலு. அவனுக்கும் புல்லு கெடக்கும்."

"போன்ல கேட்டேன். 'வர்றேன் தங்கம்'னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு."

"வரட்டும், எங்கண்ணன் எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு," என்றாள் பிரீடா.

சாப்பாட்டுக்கு அப்புறம் கொட்டகையில் கட்டுகளை அடுக்கினோம். மார்ட்டி மேலே, நான் கீழே. நாலு வரிசை ஏறியது. ஐந்தாவது வரிசையில் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"டெனி, நீ அவகிட்ட சொல்லு."

"என்னன்னு?"

"அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லு. எடமில்லன்னு சொல்லு."

"ஜெயிச்சதே ஒரு தடவை. அதுக்கு எடமில்லன்னா பொண்ணு என்னைப் பைத்தியக்காரன்னு நெனைக்காதா?"

"சொவத்துல தொங்குறது வேற டெனி. எப்பவாவது கழட்டிடலாம். புத்தகம்னா என் பேரப்பிள்ளை படிக்கும். அவங்க பிள்ளை படிக்கும். நான் மண்ணுக்குள்ள கெடந்துக்கிட்டு கோல் போட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"முப்பது வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்சம்..."

"நீ என்னத்தப் பொறுத்தே?" என்றான். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டான். நான் ஒரு கட்டைத் தூக்கி மேலே எறிந்தேன்.

"என்னைக் கழிச்சுக் கட்டினதுகூட வலிக்கல. நான் சுமாரான ஆட்டக்காரன், எனக்கே தெரியும். ஒங்கம்மா காலைல ஒரு பாட்டில் டீயைச் சூடு ஆறாம இருக்கக் காலுறைக்குள்ள சுத்திக் கொடுத்தாங்க, ரொட்டி கொடுத்தாங்க. படுத்துக் கெடந்தேன். சாயங்காலம் பரண் ஓட்டை வழியா, ஜெயிச்சா கொளுத்துற தீ முச்சந்தில எரியிறது தெரிஞ்சுச்சு. ஜெயிச்சாச்சுன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தனியா உக்காந்து கைதட்டினேன். அப்புறம் நீங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போயி ஊர்வல லாரியில ஏத்துனீங்க."

"பத்திரிகைக்காரன் வந்திருந்தான், மார்ட்டி. பதினஞ்சாம் நம்பர் எங்கன்னு கேட்டான்."

"தெரியும். ஏத்தினது நீங்க. ஆனா நான் கையை ஆட்டினேன் டெனி. எல்லாரையும் பாத்து ஆட்டினேன். கையை ஆட்டச் சொல்லி யாரும் சொல்லல."

அவளிடம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஊனாவைப் பார்த்தேன். மழை வருமா என்று கேட்டேன். வராது சித்தப்பா என்றாள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு நெட் ஹாலி வந்து இறங்கினான். ஒரு கூடை ஸ்ட்ராபெரி, கறுப்புக் கோட்டு, வெட்டிச் சீவின தலை. கண்ணியமான ஆள். பிரீடா சோடா ரொட்டியும் கேக்கும் எடுத்துவைத்தாள். அவன் வலது கையின் இரண்டு விரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்க, மீதி விரல்களால் டீக்கோப்பையைப் பிடித்தான். மார்ட்டி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிரீடா எனக்கும் ஒரு நாற்காலி போட்டாள். போய்விடலாமென்று பார்த்தேன், முடியவில்லை.

ஊனா டேப் ரிக்கார்டரின் பித்தானை அழுத்தினாள். "மாமா, கடைசி அஞ்சு நிமிஷம். உங்க பக்கத்துல நின்னது எங்கப்பா. உள்ளதைச் சொல்லுங்க, எங்கப்பான்னு பாக்காதீங்க."

நெட் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். பிறகு மார்ட்டியைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒங்கப்பனா? ஆட்டம் பூரா என்னை மூச்சுவிட விடல. நான் அவனைவிட ஒரு சாண் உசரம். என்ன பிரயோஜனம்? எடது பக்கத்துலேர்ந்து பந்து வந்துச்சு. எனக்கு முன்னாடி பாஞ்சான். நான் கையை நீட்டுனேன், நீட்டியிருக்கக்கூடாது. தப்பு என்னுது. அவன் மட்டை சுத்தமா பந்தைத்தான் அடிச்சுது. கோல் விழுந்ததை நான் பாக்கல. சத்தம்தான் கேட்டேன். மொத மனுஷனா ஓடி வந்து குனிஞ்சு என்னைப் பாத்தது ஒங்கப்பன்தான். 'வலிக்குதா'ன்னு கேட்டான். அந்த மாதிரி ஒரு ஆட்டக்காரனை..."

"போதும் நெட்," என்றான் மார்ட்டி.

"உக்காரு மச்சான். பொண்ணு பதிவு பண்ணுதுல்ல."

"போதும்." மார்ட்டி எழுந்து நின்றான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். "ஊனா, அந்த ஆள் நானில்ல. நான் ஆடல. தர்லஸுக்கே போகல. டெனி வீட்டுப் பரண்ல கெடந்தேன். என் பேர்ல கில்கென்னிக்காரன் ஒருத்தன் ஆடினான். உங்கம்மாகிட்டயும் பொய், உன்கிட்டயும் பொய். இந்த மனுஷன்கிட்டப் போயி, நான் ஒடிக்காத கையை ஒடிச்சேன்னு மன்னிப்பு வேற கேட்டேன்."

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. பிரீடா கத்தியோடு கேக்குக்கு முன்னால் நின்றாள்.

நெட்தான் முதலில் பேசினான். "எனக்குத் தெரியும் மச்சான்."

"எப்பத்துலேர்ந்து?"

"கல்யாணத்தன்னைக்கு. விரலை ஒடிச்சவனுக்கா என் தங்கச்சின்னு வெஞ்சினத்தோடதான் கோயிலுக்கு வந்தேன். விருந்துல நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். நீ பீடத்துக்கிட்டேர்ந்து திரும்புனே. பாத்தா வேற ஆளு. அந்த முகம் எனக்குச் சாகறவரைக்கும் மறக்காது, இது அது இல்ல. அப்புறம் நீயே வந்து மன்னிப்பு கேட்டே."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட? ஆட்சேபணைக்கு ஏழு நாள் கெடு. அஞ்சு வருஷம் போயாச்சு. பிரீடா உன்னையே பாத்துக்கிட்டு நின்னா. நான் வாயைத் திறந்தா அவ கதி என்ன? அதைவிட, எனக்கு உன்னைப் பாக்கவே பாவமா இருந்துச்சு. ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தனை ஒளிச்சு வச்சிருக்கு. தோத்த எங்களுக்குக்கூட அந்த அசிங்கம் இல்லைன்னு நெனைச்சுக்கிட்டேன்." இதைச் சொல்லும்போது அவன் பார்த்தது என்னை.

அத்தனை வருஷம் அவன் எங்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாதென்று அவன் முதுகுக்குப் பின்னால் நானும் டிம்மியும் கண்ணடித்துச் சிரித்திருக்கிறோம்.

பிரீடா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இருபத்தாறு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை நான் தொடைக்கிறேனே, இந்தத் தலை யாருது?"

மார்ட்டி என்னைப் பார்த்தான்.

"பேரு என்ன சித்தப்பா?" என்று கேட்டாள் ஊனா.

"தெரியாதும்மா."

"தெரியாதா?"

"கேக்கல. நாங்க யாரும் கேக்கல. ஆட்டம் முடிஞ்சதும் சட்டையைக் கழட்டிக் கொடுத்தான். ஒரு பட்டாள லாரி நின்னுச்சு, ஏறிப் போயிட்டான். சாமியாருக்குத் தெரிஞ்சிருக்கும். அவரும் போயிட்டாரு."

ஊனா தன் காகிதப் பெட்டியைத் திறந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்தாள். நான் எழுதிய பட்டியலின் இன்னொரு பிரதி, சாமியாரின் பெட்டியிலிருந்து கிடைத்ததாம். "இது உங்க கையெழுத்துதானே? சொசைட்டிச் சீட்டுல பாத்திருக்கேன். எவ்வளவு அழகா இருக்குன்னு அட்டைப்படத்துக்கு வச்சிருந்தேன்."

"ஆமாம்மா," என்றேன்.

மார்ட்டி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எழுதும்மா. உள்ளபடி எழுது. பரண்ல கெடந்தேன்னு எழுது, காலுறைல சுத்தின டீயைக் குடிச்சேன்னு எழுது. கையை ஆட்டினதையும் எழுது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஊனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரீடா அழவில்லை. கேக்கை வெட்டி நாலு தட்டில் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. மார்ட்டி இரண்டு துண்டு சாப்பிட்டான். நெட் போகும்போது மார்ட்டி வண்டிவரை கூடவே போய், கதவில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினான். அப்படிப் பாரம் இறங்கின முகத்தோடு அவனை நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம், எல்லோரும் பால் கறந்து முடித்த பிறகு, மைதானத்து உடைமாற்றும் அறையில் புத்தகக் குழு கூடியது. ஏழு பேர். தலைவர் டிம்மி ஸ்லாட்டரி. நானும் ஒருவன். ஊனா புதிய பக்கத்தை வாசித்தாள். மார்ட்டி குழுவில் இல்லை. கதவுப் பக்கத்துப் பெஞ்சில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஐம்பத்துமூன்றில் பிறந்தேயிராத மூன்று பேர் குழுவில் இருந்தார்கள். அதில் ஒருவன் சொன்னான், "நல்லாத்தானே இருக்கு. போடலாமே. இந்தப் புத்தகத்துலயே இதுதான் படிக்கிற மாதிரி இருக்கு."

"படிப்பான்," என்றான் டிம்மி. "அடுத்த பங்குக்காரன் படிப்பான். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வேலிக்கு அந்தாண்ட நின்னு சத்தமா படிப்பான். இருக்கறது ஒரு கோப்பை. அதையும் திருட்டுக் கோப்பைன்னு நாமளே அச்சடிச்சு விக்கணுமா? அந்த அணியில ஆறு பேர் செத்துட்டாங்க. அவங்க பொஞ்சாதி பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது? மார்ட்டி, உன்மேல மரியாதை இருக்கு. ஆனா இது உன் ஒருத்தன் சமாச்சாரம் இல்ல."

"அவர் பேர்லதானே இருக்கு?" என்றாள் ஊனா.

"பங்கு பேர்ல இருக்கும்மா. சரி, ஓட்டுக்கு விடுவோம். பழையபடியே இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க."

டிம்மி தூக்கினான். அவன் வயசுக்காரர்கள் இரண்டு பேர் தூக்கினார்கள். இளவட்டம் மூன்றும் தூக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிம்மி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான். "பட்டியல் உன் கையெழுத்துடா. பேப்பர்க்காரன் வந்தா மொதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவான்."

மார்ட்டி என்னைப் பார்க்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேனே. ஒரே பெஞ்சில் படித்தவன். பால் சொசைட்டி வாசலில் நிற்கிற ஆட்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவதை நினைத்துக்கொண்டேன். என் கை மேலே போயிற்று. முழுக்கவும் போகவில்லை, காது மட்டத்துக்குத்தான். டிம்மிக்கு அது போதுமாயிருந்தது.

"நாலு," என்றான்.

மார்ட்டி எழுந்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். "சரி," என்றான். "பங்குக்காகன்னா சரி." கோயில் பின்னறையில் சொன்ன அதே குரல். வெளியே நல்ல வெளிச்சம். மைதானத்தின் நடுவே குறுக்காக நடந்து வீட்டுக்குப் போனான்.

ஊனா காகிதப் பெட்டியை டிம்மிக்கு முன்னால் வைத்தாள். "என் பேரைப் போடாதீங்க," என்றாள். போடவில்லை. 'தொகுப்பு: குழுவினர்' என்று போட்டிருக்கிறது. எழுபத்தோராம் பக்கத்தில் மெலிந்த தேகமும் இரும்பு நெஞ்சமும் இன்றைக்கும் இருக்கின்றன.

மறுநாள் காலையில் நான் பால் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிரீடா வந்தாள். கையில் ஒரு துண்டில் சுற்றிய சதுரமான சாமான்.

"உள்ள வா பிரீடா. டீ போடுறேன்."

"வேணாம்." துண்டைப் பிரித்துக் குரூப் போட்டோவை என் ஈரக்கையில் கொடுத்தாள். "இதை எங்க வீட்டுல இனிமே மாட்ட எடமில்ல. உன் பரண்ல போடு. அங்க எங்க வீட்டுக்காரர் கெடந்த எடம் காலியாத்தானே இருக்கு?"

"பிரீடா, நான்..."

"கையைத் தூக்கின நாலு பேர்ல மூணு பேர் பேரைச் சொன்னாரு. நாலாவது யாருன்னு நானும் மூணு தடவை கேட்டுட்டேன், சொல்ல மாட்டேங்கறாரு. இப்பவும் உன்னை ஒளிச்சு வச்சுக்கிட்டுத்தான் இருக்காரு, டெனி." துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

படத்தைப் பரணில் போட மனசு வரவில்லை. அடுக்களையில் மாட்டவும் துணியவில்லை. மாடிப்படிக்குக் கீழே, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது நான். வாயெல்லாம் பல். பதினைந்து பேரில் தலை குனிந்திருப்பவன் அந்தப் பெயர் தெரியாதவன் ஒருவன்தான். குனிந்திருக்க வேண்டிய நாங்கள் பதினாலு பேரும் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.